அறைந்தாரா என்று கேட்டால் மட்டும் போதாது

கேள்வி: முதுகலை சமூகப்பணி படிக்கிறேன். திருமணமான இணையரிடையே வன்முறை என்பது என் ஆய்வுத் தலைப்பு. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாகவே கை நீட்டுகிறார்கள் என்கின்றன சில ஆய்வுகள். அடிபடுவது பெரும்பாலும் பெண்கள்தான் என்கின்றன வேறு சில. என் வழிகாட்டியோ, "ஆண்களையும் கேளுங்கள், இல்லையென்றால் ஒருதலைப்பட்சம் என்பார்கள்" என்கிறார். 100 ஆண்கள், 100 பெண்களிடம் கேட்கலாம் என்று நினைத்திருக்கிறேன். கேள்வித்தாளை எப்படி அமைப்பது?

பதில்: அந்த இரண்டு வகை ஆய்வுகளும் பொய் சொல்லவில்லை. அவை எண்ணிய பொருள்தான் வேறு வேறு. எதை எண்ணப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் ஆண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிப்பதில் பயனில்லை.

'சமம்' என்ற முடிவு பெரும்பாலும் ஒரே கருவியிலிருந்து வருகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் முரே ஸ்ட்ராஸ் 1979-ல் வெளியிட்ட மோதல் உத்திகள் அளவுகோல் அது. 1975-ல் 2,143 குடும்பங்களில் அவரது குழு நடத்திய கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய ஓராண்டில் கணவன் மனைவியைத் தாக்கியது 12.1 சதவீதம், மனைவி கணவனைத் தாக்கியது 11.6 சதவீதம் என்று வந்தது. எவ்வளவு ஒத்துப்போகும் தம்பதிக்குள்ளும் கருத்து வேறுபாடு வரும் என்ற பீடிகையோடு, 'தள்ளினீர்களா', 'அறைந்தீர்களா' என்று செயல்களை வரிசையாகக் கேட்கும் கருவி இது. சண்டை எதுவும் இல்லாமல், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே விழுகிற அடி இந்தப் பீடிகைக்குள் சரியாகப் பொருந்தாது. கழுத்தை நெரிக்கும் கையைத் தட்டிவிட்டு ஓட ஒருவர் தள்ளியதும், சுவரில் மோதும்படி இன்னொருவர் தள்ளியதும் அதே 'தள்ளினார்' கட்டத்தில்தான் விழும். சேர்ந்து வாழ்பவர்களை மட்டுமே கேட்டதால், பிரிந்த பிறகு தேடி வந்து அடிப்பவர்கள் கணக்கிலேயே வரவில்லை. 1996-ல் திருத்திய வடிவம் 39 செயல்களை 'நீங்கள்', 'அவர்' என இருமுறை கேட்கிறது, ஆக 78 கேள்விகள். காயமும் பாலியல் வற்புறுத்தலும் அதில் சேர்ந்தன. யார் தொடங்கியது, எதற்காக என்பது இப்போதும் இல்லை.

விளைவை அளக்கத் தொடங்கியதும் படம் மாறுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் ஆர்ச்சர் 2000-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கை நீட்டியதாகப் பதிவானதில் பெண்கள் மயிரிழை முன்னால் இருந்தார்கள்; துணைவரால் காயம்பட்டவர்களிலோ 62 சதவீதம் பெண்கள். கொலைக் கணக்கு இன்னும் கடுமை. 66 நாடுகளின் தரவை வைத்து 2013-ல் வெளியான ஆய்வில், கொல்லப்பட்ட பெண்களில் 38.6 சதவீதத்தினரைக் கொன்றது துணைவர். ஆண்களில் அது 6.3 சதவீதம்.

எத்தனை முறை என்பதைக் கேட்கத் தவறுவது அடுத்த பிழை. கேட்டுவிட்டு வெட்டிவிடுவதும் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பில், ஒருவருக்குத் திரும்பத் திரும்ப நடந்த ஒரே மாதிரியான குற்றத்தை ஐந்துக்கு மேல் எண்ணுவதில்லை என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. மாதம் நான்கு முறை அடிபட்டவரும் ஆண்டில் ஐந்து முறை அடிபட்டவரும் ஒன்றாகிவிட்டார்கள். பிரிட்டிஷ் சமூகவியலாளர் சில்வியா வால்பி குழுவினர் அந்த உச்சவரம்பை நீக்கிக் கணக்கிட்டபோது, பெண்கள் மீதான வன்முறையின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது. ஆகவே 'அடிக்கடி / சில சமயம்' என்று கட்டம் போடாதீர்கள். கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை என்று எண்ணாகவே வாங்கி எழுதுங்கள்.

யாரைக் கேட்டார்கள் என்பதும் முடிவை மாற்றும். காப்பகத்திலும் காவல் நிலையத்திலும் வந்தவர்களைக் கேட்ட ஆய்வும், வீடு வீடாகப் போன ஆய்வும் சந்திப்பது ஒரே வன்முறையை அல்ல என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-ல் வாதிட்டார். துணையை முழுக்கக் கட்டுக்குள் வைத்திருக்க நடத்தப்படும் வன்முறை ஒரு வகை. வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாவது இன்னொன்று. முதல் வகையில் பாதிக்கப்பட்டவர் திருப்பி அடிப்பதை மூன்றாவதாக அவர் பின்னாளில் சேர்த்தார். வீட்டுக் கணக்கெடுப்பில் சிக்குவது பெரும்பாலும் இரண்டாவது. கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் கதவைத் திறந்து பேசுவதே அரிது. இந்தச் சர்ச்சையில் இதுவரை வந்ததிலேயே உருப்படியான விளக்கம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

நம் நாட்டு உதாரணம் ஒன்று. 'மனைவியால் பாதிக்கப்படும் கணவர்கள் 52 சதவீதம்' என்று சுற்றுகிற எண், ஹரியானா கிராமப்புறத்தில் 1,000 மணமான ஆண்களிடம் எடுத்து 2019-ல் வெளியான ஆய்வினுடையது. உள்ளே பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட முழுவதும் மனரீதியான வன்முறை. உடல்ரீதியானது 6 சதவீதம். அந்த ஆண்களின் துன்பம் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் இந்த 52-ஐ, தேசியக் குடும்பநல ஆய்வு 5-ன் 29.3 சதவீதத்தோடு ஒப்பிடுவது தவறு. பின்னது, 18 முதல் 49 வயதுவரை உள்ள, திருமணமான பெண்கள் கணவரால் அனுபவித்த வன்முறையின் அளவு. இரண்டுக்கும் வரையறையும் வேறு, கேட்ட இடமும் வேறு. தேசிய ஆய்வு ஆண்களிடம் அவர்கள் அடிபட்டதைப் பற்றிக் கேட்பதில்லை, அது குறைதான். ஆனால் பெண்களிடம், கணவர் அடிக்காமல் இருந்த நேரத்தில் நீங்களாக அவரை அடித்ததுண்டா என்று கேட்கிறது. தற்காப்பைக் கழித்துவிடும் அந்த முன்நிபந்தனையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கேள்வித்தாள். 'வன்முறை' என்ற சொல்லே அதில் வரக்கூடாது. "கோவத்துல ரெண்டு வச்சாரு, அது என்ன வன்முறை" என்பார்கள். கன்னத்தில் அறைந்தது, கையை முறுக்கியது, முடியைப் பிடித்து இழுத்தது, கையில் கிடைத்ததை வீசியது என்று செயலாகக் கேளுங்கள். ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் நான்கு துணைக் கேள்விகள்: எத்தனை முறை, முதலில் கை நீட்டியது யார், காயம் என்ன (வீக்கம், வெட்டு, எலும்பு முறிவு, மருத்துவரிடம் போனது), அதன் பிறகு என்ன மாறியது. அடித்தது மாமியார் என்றால் தனிக் கட்டம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005 கணவர் வீட்டாரையும் உள்ளடக்கும். உங்கள் தலைப்பு இணையரைப் பற்றி மட்டுமே.

பயத்தை அளப்பதுதான் தமிழில் கஷ்டம். 'கணவரைக் கண்டால் பயமா' என்று கேட்டால், "புருஷன்னா பயம் இருக்கணும்ல" என்று அடியே வாங்காத பெண்ணும் சொல்வார். நம் வழக்கில் பயத்துக்குள் மரியாதையும் இருக்கிறது. அதே கேள்வியை ஆணிடம் கேட்டால், பயந்தே வாழ்பவரும் 'எனக்கென்ன பயம்' என்பார். ஒரே கேள்வி பெண்ணிடம் மிகையாகவும் ஆணிடம் குறைவாகவும் அளக்கும். நடத்தையைக் கேளுங்கள்: துணை வரும் நேரம் பார்த்துப் பேச்சை நிறுத்தியதுண்டா, வீட்டுக்குப் போகாமல் நேரம் கடத்தியதுண்டா, இரவு வேறு அறையில் தாழிட்டுப் படுத்ததுண்டா? துணை கட்டுப்படுத்துகிறாரா என்று அறியும் கேள்விகளிலும் இதே சிக்கல். சொல்லிவிட்டுப் போவது பல வீடுகளில் சாதாரண வழக்கம். 'அனுமதி கேட்பீர்களா' என்பதைவிட, 'சொல்லாமல் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்' என்பதற்கு வரும் பதிலில்தான் விஷயம் இருக்கிறது.

துணையின் பாலினத்துக்கும் தனிக் கட்டம் வையுங்கள். அமெரிக்காவின் 2010 தேசியக் கணக்கெடுப்பில் இருபாலீர்ப்புப் பெண்களில் 61.1 சதவீதம் பேர் துணைவர் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். அவர்களில் 89.5 சதவீதத்தினர் தங்களைத் தாக்கியவர்கள் எல்லாருமே ஆண்கள் என்றார்கள். பதில் சொல்பவரின் பாலினம் மட்டும் இருந்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

100, 100 போதாது. ஒரு பக்கம் 30 சதவீதம், மறு பக்கம் 20 சதவீதம் என்ற அளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அது தெரியவரும் வாய்ப்பு 80 சதவீதம், இல்லாததை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம் என்று வைத்தால்) ஒவ்வொரு பக்கமும் சுமார் 290 பேர் வேண்டும். பதில் தராதவர்களுக்காக மேலும் 10 சதவீதம். கடுமையான வன்முறை 4 சதவீதம் என்று வைத்தால், 100 பேரில் நான்கு பேர். நான்கு பேரை வைத்து ஆண் பெண் ஒப்பீடு செய்ய முடியாது. அத்தனை பேரைத் திரட்ட வழியில்லை என்றால் ஒப்பீட்டைக் கைவிட்டு, பெண்களிடம் மட்டும் ஒழுங்காகக் கேளுங்கள். 30 சதவீதத்தை ஐந்து புள்ளி கூடக்குறைய மதிப்பிட 323 பேர் போதும். கேட்காதவர்களைப் பற்றி முடிவு சொல்லாதவரை அதில் ஒருதலைப்பட்சம் எதுவும் இல்லை என்று வழிகாட்டியிடம் சொல்லலாம்.

ஆண்களையும் கேட்பதாக முடிவானால், ஒரே வீட்டில் இருவரையும் கேட்கவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2001 நெறிமுறை இதில் தெளிவாக இருக்கிறது: வீட்டுக்கு ஒரு பெண், அந்த வீட்டு ஆணிடம் வன்முறை பற்றிய கேள்வி இல்லை. மனைவி என்ன சொல்லியிருப்பாள் என்று அவர் ஊகித்தால் அன்றிரவே அடி விழும். ஆண்களுக்கு வேறு தெருவைத் தேர்ந்தெடுங்கள், ஆண்களை ஆண்களே பேட்டி எடுக்கட்டும். ஊருக்குள் 'குடும்ப நலம் பற்றிய ஆய்வு' என்று சொல்லுங்கள். உண்மைப் பொருளைப் பதில் சொல்பவரிடம் தனியாகச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். யாராவது உள்ளே வந்தால் உடனே மாறிக்கொள்ள, தூக்கம், சாப்பாடு பற்றிய பத்துக் கேள்விகள் கொண்ட தாள் மேலே இருக்கட்டும்.

பேட்டி முடிந்ததும் கொடுக்கும் உதவிச் சீட்டில் பெண்களுக்கு 181 உதவி எண், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், ஒருங்கிணைந்த சேவை மையம் என்று எழுதலாம். ஆண்களுக்கு அதே சீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். 181 பெண்களுக்கானது, 2005 சட்டத்தில் கணவர் புகார் கொடுக்க வழியில்லை. அவசரத்துக்கு 112, மனநல ஆலோசனைக்கு 14416 என்று தனிச் சீட்டு அச்சடியுங்கள். இரண்டும் சட்டைப்பையில் மடங்கும் அளவில், தலைப்பு எதுவும் இல்லாமல் இருக்கட்டும்.