இரண்டாம் உலகப் போரில் நாசகாரிக் கப்பல்களில் (டிஸ்ட்ராயர்) போரிட்டு விருது பெற்ற கடற்படை வீரர்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

எனக்கு ஒரே பெயர்தான்: எர்னெஸ்ட் எவன்ஸ். அமெரிக்கக் கடற்படையின் ஜான்ஸ்டன் என்ற நாசகாரிக் கப்பலின் கேப்டன். 1944 அக்டோபர் 25 காலையில், பிலிப்பைன்ஸின் சமர் தீவுக்கு அப்பால் அவர் செய்ததைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 'தெரிந்தே சாகப் போனார்' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் காலை புரிய வேண்டுமானால் இரண்டு வருடம் எட்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

எவன்ஸ் 1908இல் ஓக்லஹோமாவில் பானீ என்ற ஊரில் பிறந்தவர். செரோக்கி, க்ரீக் பூர்வகுடி வழி வந்தவர். முதலில் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, அங்கிருந்தே அனாபொலிஸ் கடற்படை அகாடமிக்குள் நுழைந்து 1931இல் அதிகாரியானார். 1942 பிப்ரவரி 27 அன்று ஜாவா கடலில் நேசநாட்டுக் கப்பல்கள் ஜப்பானியரிடம் படுதோல்வி அடைந்தபோது அவர் ஆல்டன் என்ற பழைய நாசகாரிக் கப்பலில் இருந்தார். ஆல்டனும் உடன் வந்த மூன்று அமெரிக்க நாசகாரிகளும் டார்பிடோக்களை (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் குண்டுகளை) ஏவின. ஒன்றும் படவில்லை. அப்புறம் ஜாவாவின் சுரபாயா துறைமுகத்துக்குத் திரும்பி, பாலி ஜலசந்தி வழியாக ஆஸ்திரேலியாவுக்குத் தப்பின. அந்த நிலைமையில் வேறு வழியே இல்லை. ஆனாலும் பின்வாங்கியது அவர் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அடுத்த மாதமே ஆல்டனின் கேப்டன் ஆனார். 1943 அக்டோபர் 27 அன்று சியாட்டிலில் புத்தம்புதிய ஜான்ஸ்டன் அவர் கைக்கு வந்தது. பணியில் சேர்க்கும் விழாவில் அவர் மாலுமிகளிடம் சொன்னதன் சாரம் இதுதான்: இது சண்டைக் கப்பல், ஆபத்து இருக்கும் இடத்துக்குத்தான் இதைக் கொண்டுபோவேன், வர விருப்பமில்லாதவர்கள் இப்போதே இறங்கிவிடலாம். யாரும் இறங்கவில்லை. 1944இல் க்வாஜலின், எனிவெடாக், குவாம் என்று பசிபிக் தீவுகளின் கரைகளைச் சுட்டார்கள். மே மாதம் இன்னும் இரண்டு நாசகாரிகளோடு சேர்ந்து ஐ-176 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தார்கள். அதற்காக எவன்ஸுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது.

சரி, சமருக்கு வருவோம். அங்கே இருந்தவை வேகமில்லாத ஆறு சிறிய விமானந்தாங்கிகள். அவற்றுக்குக் காவலாக மூன்று நாசகாரிகள், அவற்றைவிடச் சிறிய நான்கு துணைக் கப்பல்கள். காலை ஏழு மணிவாக்கில் அடிவானத்தில் ஜப்பானிய அட்மிரல் குரிதாவின் கடற்படை தெரிந்தது: யமாட்டோ உட்பட நான்கு பெரும் போர்க்கப்பல்கள், நாசகாரியைவிடப் பெரிய எட்டு குரூசர்கள், பதினொரு நாசகாரிகள். யமாட்டோவின் ஒரு குண்டு ஏறத்தாழ 1,460 கிலோ. ஜான்ஸ்டனின் குண்டு 25 கிலோ. அமெரிக்க மாலுமிகள் நாசகாரியைத் 'தகர டப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய குண்டைத் தடுக்கும் கவசம் அதில் கிடையாது.

தலைமையிடமிருந்து தாக்கச் சொல்லி உத்தரவு வரும் முன்பே எவன்ஸ் கப்பலைத் திருப்பிவிட்டார். இதைத்தான் பலர் வெறி என்கிறார்கள். ஆனால் அவர் செய்ததை வரிசையாகப் பாருங்கள். முதலில் விமானந்தாங்கிகளை மறைக்கப் புகைத்திரை போட்டார். பிறகு முழு வேகத்தில் வளைந்து வளைந்து நெருங்கினார். யாருடைய குண்டு எங்கே விழுகிறது என்று தெரிவதற்காக ஜப்பானியர்கள் குண்டுகளில் சாயம் சேர்த்திருந்தார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கப்பலைச் சுற்றித் தண்ணீர் எழுந்துகொண்டிருந்தது. ஜான்ஸ்டனின் சின்னக் குண்டுகளால் போர்க்கப்பலின் கவசத்தைத் துளைக்க முடியாது. ஒரு பெரிய கப்பலை நிறுத்தக்கூடியது டார்பிடோ மட்டும்தான், அதற்குக் கிட்டே போயே ஆக வேண்டும். சுமார் 9 கிலோமீட்டர் வரை நெருங்கிய பிறகுதான் பத்து டார்பிடோக்களையும் ஏவினார். குமானோ என்ற கனரகக் குரூசரின் முன்முனை பிய்ந்துபோனது. ஜாவா கடலில் கிடைக்காதது அன்று கிடைத்தது. இது சாகப் போனவரின் வேலை இல்லை. கையில் இருந்த ஒரே ஆயுதம் எங்கிருந்து ஏவினால் பலிக்கும் என்று அறிந்தவரின் வேலை.

திரும்பும் வழியில் ஜான்ஸ்டனுக்கு பலத்த அடி. கப்பலின் வேகம் பாதியாகி மணிக்கு 17 கடல் மைலுக்கு வந்துவிட்டது. எவன்ஸின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின, உடம்பில் சட்டை இல்லை. ஒரு மழைத்திரைக்குள் புகுந்து கொஞ்சம் மூச்சு வாங்கினார்கள். வெளியே வந்தபோது மற்ற நாசகாரிகள் டார்பிடோ தாக்குதலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஜான்ஸ்டனில் ஒரு டார்பிடோகூட மிச்சமில்லை. இனி ஒதுங்கி நின்றிருந்தாலும் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எவன்ஸ் மறுபடியும் திரும்பினார், மற்ற கப்பல்களுக்குப் பீரங்கித் துணை கொடுக்க. முதல் முறை திரும்பியதைவிட இந்த இரண்டாவது முறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தக் காலையில் ஒரு காட்சி என்னை விட்டுப் போகவே இல்லை. மேல்தளத்திலிருந்து சுக்கானை இயக்க முடியாமல் போனதால் எவன்ஸ் கப்பலின் பின்தளத்தில் போய் நின்று, திறந்த ஒரு மூடி வழியாகக் கீழே இருந்தவர்களிடம் கத்திக் கத்தி வழி சொல்லியிருக்கிறார். கீழே மாலுமிகள் கை பலத்தால் சுக்கானைத் திருப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் கடந்துபோன சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற துணைக் கப்பலின் கேப்டன் கோப்லண்ட் அவரை அந்த நிலையில் பார்த்தார். எவன்ஸ் லேசாகத் திரும்பிக் கையசைத்தாராம்.

ஜப்பானிய நாசகாரிகள் விமானந்தாங்கிகளை நோக்கி வந்தபோதும் குறுக்கே போய் நின்றது ஜான்ஸ்டன்தான். அவை அவசரப்பட்டுத் தூரத்திலிருந்தே டார்பிடோக்களை ஏவிவிட்டன, எதுவும் படவில்லை. ஒன்பது மணிக்குப் பிறகு குரிதா தன் கப்பல்களைத் திரும்ப அழைத்தார். ஆனால் ஜான்ஸ்டனைச் சுற்றி நின்று சுட்டவர்கள் அதை விடவில்லை. 9:45க்கு கப்பலைக் கைவிட எவன்ஸ் உத்தரவிட்டார், 10:10க்கு அது மூழ்கியது. மூழ்கும்போது பக்கத்தில் வந்த ஒரு ஜப்பானிய நாசகாரியின் கேப்டன் சல்யூட் அடித்ததாகத் தண்ணீரில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

கப்பலில் இருந்த 327 பேரில் பிழைத்தது 141 பேர். இந்தக் கணக்கில் என்னைக் கலங்கவைப்பது இன்னொரு எண். கப்பல் மூழ்கிய பிறகும் உயிரோடு தண்ணீரில் இருந்து, அப்புறம் காணாமலே போனவர்கள் 92 பேர். மீட்புக்கு ஆள் வர சுமார் 50 மணி நேரம் ஆனது. காயம், தாகம், சுறாக்கள். அந்த 92 பேரில் எவன்ஸும் ஒருவர். அவருக்குக் கல்லறை இல்லை. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் அவர் மறைந்த பிறகு வழங்கப்பட்டது. 2023இல் ஒரு புதிய நாசகாரிக் கப்பலுக்கு அவர் பெயரை வைப்பதாக அறிவித்தார்கள். என்னைக் கேட்டால் எப்போதோ செய்திருக்க வேண்டியது.

2021இல் விக்டர் வெஸ்கோவோ என்ற அமெரிக்க ஆழ்கடல் ஆய்வாளர் ஒரு ஆழ்கடல் வாகனத்தில் 6,456 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி ஜான்ஸ்டனைப் படமெடுத்தார். முன்முனையில் 557 என்ற கப்பல் எண் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பீரங்கிகள் கடைசியாகச் சுட்ட திசையைப் பார்த்தபடியே நிற்கின்றன. டார்பிடோக் குழாய்கள் காலியாக இருக்கின்றன.