வாசகர் கேள்வி பதில்: 250 டாலர் பம்ப் துப்பாக்கிக்கு என்னவெல்லாம் மாட்டலாம்?

டெக்சஸில் செப்டம்பர் 1 வந்தால் வடக்கு, மத்திய மண்டலங்களில் புறா வேட்டை தொடங்கிவிடும். அதனால்தானோ என்னவோ, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஷாட்கன், அதாவது ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி பற்றியவை. சான் அன்டோனியோ பக்கம் வார இறுதிகளில் புதியவர்களுக்குக் காற்றில் பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அலுவலக நண்பர் ஒருவர் தன்னுடைய மேவரிக் 88 பம்ப் ஷாட்கன்னை (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) 350 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். 12 கேஜ் (குழல் துளையின் அளவு), 18.5 அங்குலக் குழல். கூடவே தோளில் பதிக்கும் பின்கட்டைக்குப் பதிலாகப் பிஸ்டல் கிரிப், குழலுக்கு மேல் மாட்டும் சூட்டுக் கவசம், பக்கவாட்டில் தோட்டா செருகிவைக்கும் பட்டை, ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக் கருவி), டார்ச் எல்லாம் உண்டு. எனக்குக் களிமண் தட்டு சுடவும் புறா வேட்டைக்குப் போகவும் ஆசை. வாங்கலாமா?
— ஃபிரிஸ்கோ வாசகர்

பதில்: துப்பாக்கி நல்லது தம்பி. கூட வரும் சாமான்களில் உங்கள் ஆசைக்கு உதவுவது அநேகமாக ஒன்றுமில்லை. குழலும் நீங்கள் கேட்கிற வேலைக்கானது அல்ல. இதே துப்பாக்கி புதிதாகவே 250 டாலர் அளவில் கடையில் கிடைக்கும்போது 350 கொடுக்காதீர்கள்.

மேவரிக், மாஸ்பெர்க் நிறுவனத்தின் மலிவு விலைப் பெயர். மாஸ்பெர்க் 1919-ல் கனெக்டிகட்டில் தொடங்கியது. மேவரிக் உருவாவது நம் டெக்சஸின் ஈகிள் பாஸில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில். உள்ளே இருப்பது பெரும்பாலும் 1960-களிலிருந்து வந்துகொண்டிருக்கும் மாஸ்பெர்க் 500-ன் அமைப்புதான். அலுமினிய உடல், முன்பிடியிலிருந்து பின்னோக்கிப் போகும் இரண்டு எஃகுத் தண்டுகள், வெற்றுத் தோட்டாவைப் பிடித்திழுக்க இரண்டு கொக்கிகள். சுடும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவது அலுமினியம் அல்ல. குழலின் பின்வாயை மூடும் போல்ட்டின் பூட்டு நேராகக் குழலின் எஃகு நீட்டிப்பில் போய் மாட்டிக்கொள்கிறது. ஆகவே 'மலிவு, அதனால் ஆபத்து' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் விலை எங்கே குறைந்தது? பாதுகாப்புப் பொத்தான் 500-ல் உடலின் மேலே, கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கும். மேவரிக்கில் விசைக் காப்பில் குறுக்கே தள்ளும் பொத்தான். முன்பிடி, தண்டுகளோடு சேர்ந்த ஒரே உறுப்பாக வரும். அதைத் தனியாகக் கழற்றி வேறு பிடி போட முடியாது, மாற்றுவதென்றால் தண்டோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். விசைத் தொகுதியும் இரண்டுக்கும் வேறு. ஆனால் பின்கட்டையும், ஐந்து தோட்டா மேகசின் (தோட்டா நிரப்பும் குழாய்) கொண்ட 12 கேஜ் 500-ன் குழல்களும் இதற்குப் பொருந்தும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் மேவரிக்கைச் சிபாரிசு செய்வேன். 590 (மாஸ்பெர்க்கின் இன்னொரு மாடல்) என்று எழுதியிருக்கும் குழலை மட்டும் தவறியும் வாங்கிவிடாதீர்கள், அது மாட்டும் விதமே வேறு.

நண்பரின் துப்பாக்கியைப் பார்க்கப் போகும்போது, முதல் வேலை அதில் தோட்டா இல்லை என்று நீங்களே உறுதி செய்வது. அவர் 'காலி' என்று சொன்னாலும் சரி. குழலின் அறை, கீழே மேகசின் குழாய், இரண்டையும் கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். அப்புறம் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உள்ளே வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் குழல் எங்கோ வீங்கியிருக்கிறது என்று பொருள். விலை எவ்வளவு குறைத்தாலும் அதைத் தொடாதீர்கள். முன்பிடி கடகடவென்று ஆடினால் பயப்பட வேண்டாம், இந்த வகையில் எல்லாமே ஆடும். திருகுகளின் தலை தேய்ந்து சிதைந்திருந்தால், தெரியாதவர் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்.

வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்கள் ஐந்து வாங்கிக்கொண்டு போங்கள், விலை அதிகமில்லை. ஐந்தையும் ஏற்றி, ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளுங்கள். ஒவ்வொன்றும் சிக்காமல் உள்ளே போய், தெறித்து வெளியே விழ வேண்டும். இழுக்கும்போது முழுக்க இழுங்கள். பம்ப் துப்பாக்கி சிக்கிக்கொள்வதற்கு முதல் காரணம் பாதியில் நிறுத்தும் கைதான். கடைசியில் காலித் துப்பாக்கியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, பாதுகாப்புப் பொத்தானைப் போட்டு விசையை அழுத்துங்கள். ஒன்றும் நடக்கக் கூடாது. விரலை எடுத்துவிட்டுப் பொத்தானை விடுவியுங்கள். அப்போதும் ஒன்றும் நடக்கக் கூடாது.

இனி குழல். 18.5 அங்குலக் குழல் வீட்டுக் காவலுக்கென்று செய்தது. வாயில் சோக் கிடையாது, அதாவது ரவையைக் குவிக்கும் ஒடுக்கம் இல்லை. 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவை விழுகிறது என்பதுதான் பழைய கணக்கு. ஒடுக்கமே இல்லாத குழலில் ஏறக்குறைய 40 சதவீதம், மாடிஃபைட் என்னும் நடுத்தர சோக்கில் 60 சதவீதம். 1⅛ அவுன்ஸ் எடைக்கு 7½ எண் ரவை போட்ட தோட்டாவில் சுமார் 390 ரவைகள் இருக்கும். அதில் நாற்பது சதவீதம் அந்த வட்டத்தில் சிதறினால், இடையில் ஒரு புறா தப்பிப் போகும் இடைவெளிகள் அங்கங்கே விழும். தட்டும் அப்படித்தான் தப்பிக்கும். உங்களுக்கு வேண்டியது மேலே காற்றோட்டப் பட்டை வைத்த 28 அங்குலக் குழல். நீளமான குழல் பறப்பதைப் பின்தொடரும்போது நடுவில் நின்றுவிடாமல் ஓடும், இதைக் கையில் எடுத்த அன்றே உணர்வீர்கள். மேவரிக் 88-லேயே 28, 18.5 என இரண்டு குழலும் சேர்ந்த காம்போ வருகிறது. என்னைக் கேட்டால் அதைப் புதிதாக வாங்குங்கள்.

சாமான்களுக்கு வருவோம். பிஸ்டல் கிரிப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். பறக்கும் பொருளைச் சுடுவதற்குக் கன்னம் கட்டையில் பதிய வேண்டும், ஏனென்றால் ஷாட்கன்னில் பின் குறி உங்கள் கண்தான். கட்டையே இல்லாவிட்டால் கண்ணை எங்கே வைப்பீர்கள்? அதோடு 12 கேஜின் உதை முழுவதும் மணிக்கட்டுக்குப் போகும். சூட்டுக் கவசம் வெறும் எடை. தோட்டாப் பட்டை பயனுள்ளதுதான், ஆனால் அதன் திருகுகளை அதிகம் முறுக்கினால் அலுமினிய உடல் நெரிந்து, உள்ளே போல்ட்டும் தோட்டா தூக்கியும் இறுகிவிடும். 'துப்பாக்கி கெட்டுப்போச்சு' என்று என்னிடம் கொண்டுவருபவர்களில் சிலருக்கு அந்தத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியதே வைத்தியமாக இருந்திருக்கிறது. ரெட் டாட் வேண்டாம். புள்ளியைத் தேடும் கண் தட்டை விட்டுவிடும்.

மிச்சப்படும் பணத்தில் காதுக் கவசம் (ஷாட்கன் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும், 140-லேயே செவிக்குச் சேதம் தொடங்கிவிடும்), கண்ணாடி, பெட்டி பெட்டியாகப் பயிற்சித் தோட்டா வாங்குங்கள். ஒரு பெரிய காகிதத்தை 30 கெஜத்தில் கட்டி நான்கைந்து முறை சுட்டுப் பாருங்கள். உங்கள் குழல் ரவையை எங்கே, எப்படிப் போடுகிறது என்று அந்தக் காகிதம் காட்டிவிடும்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஷாட்கன் வாங்கலாமா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— இர்விங் வாசகர்

பதில்: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கத் தடை உண்டு. விதிவிலக்குகளில் நமக்குப் பயன்படுவது, அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாகக் கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருப்பது. கடையில் கூட்டாட்சி அரசின் 4473 படிவம் நிரப்பும்போது அந்த உரிமத்தைக் காட்ட வேண்டும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்த நிபந்தனை இல்லை.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். டெக்சஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிகிறது. புதுப்பிக்க மறந்தால், வாங்கிய அன்று சரியாக இருந்த துப்பாக்கி மறுநாள் முதல் உங்களைக் குற்றவாளியாக்கும், அது குடியுரிமை வழக்கு வரை பின்னால் வரும். புது உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வருகிறது, அப்போதே எடுத்துவிடுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நண்பர்களிடம் அல்ல.

கேள்வி: குடும்பங்கள் படிக்கும் தமிழ்ப் பத்திரிகையில் துப்பாக்கிக்கு எதற்குப் பக்கம் ஒதுக்குகிறீர்கள்?
— ஆஸ்டின் வாசகர்

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நம்மவர் வீடுகளில் ஏற்கெனவே துப்பாக்கி இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் அவசரமாக வாங்கி, ஒருமுறைகூடச் சுடாமல் அலமாரிக்கு மேல் வைத்தவர்களை எனக்குத் தெரியும். வெட்கப்பட்டு யாரிடமும் கேட்காமல் இருக்கிறார்கள். அவர்கள் இங்கே படிக்கட்டும்.

கேள்வி: என் உயரம் ஐந்து அடி. கணவரின் 12 கேஜ் பம்ப்பால் சுட்டால் தோள் கன்றிப்போகிறது. ரப்பர் உறை வாங்கி மாட்டியும் குறையவில்லை. வீட்டில் ஆறு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் வேறு.
— ஷுகர் லேண்ட் வாசகி

பதில்: அந்த ரப்பர் உறையை இன்றைக்கே கழற்றுங்கள், சகோதரி. உங்களுக்குக் கட்டை ஏற்கெனவே நீளம். பொதுவாக விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை சுமார் 14 அங்குலம் வரும், சராசரி ஆணுக்கான அளவு அது. மேலே உறையை மாட்டினால் இன்னும் ஓர் அங்குலம் கூடும். எட்டாததால் உடம்பைப் பின்னால் சாய்க்கிறீர்கள், கட்டை தோள்குழியில் உட்காராமல் புஜத்துக்கு நகர்கிறது. உதை அங்கே விழுகிறது. தோளில் பதித்துக் கன்னத்தை வைத்தபின், உங்கள் கட்டைவிரல் கணுவுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் இருந்தால் அளவு சரி.

கணவரின் துப்பாக்கி மாஸ்பெர்க் 500 அல்லது மேவரிக் 88 என்றால், மேக்புல் எஸ்ஜிஏ கட்டை பொருந்தும். இடையில் செருகும் தகடுகளை எடுத்தால் 12.5 அங்குலம் வரை குறையும். மலிவுத் துப்பாக்கிக்கு நான் மனமாரச் சிபாரிசு செய்யும் ஒரே பெரிய செலவு இதுதான். தோட்டாவிலும் 1⅛ அவுன்ஸை விட்டுவிட்டு ⅞ அல்லது 1 அவுன்ஸ் எடுங்கள், தட்டு அதற்கும் உடையும். 20 கேஜுக்கு மாறலாம்தான், ஆனால் மிக இலேசான துப்பாக்கி என்றால் அதுவும் நன்றாகவே உதைக்கும். எடையைப் பார்த்து வாங்குங்கள். நிற்கும்போது இடது காலை முன்வைத்து மூக்கு கால்விரலுக்கு மேல் வரும்படி முன்னால் சாயுங்கள் (நீங்கள் வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன்).

பிள்ளைகள் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், ஒளித்துவைப்பதைப் பூட்டிவைப்பதாக நினைக்காதீர்கள். ஆறு வயதுக்கு அலமாரி உயரமே இல்லை. டெக்சஸில் தோட்டா போட்ட துப்பாக்கியைப் பாதுகாக்காமல் வைத்து, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். பக்கத்துத் திறப்பு வழியாக நுழைத்துக் கீழ்த் திறப்பு வழியாக எடுக்கும் கம்பிப் பூட்டு, பம்ப்புக்கு நன்றாகப் பொருந்தும். பிராஜெக்ட் சைல்ட்சேஃப் திட்டத்தில் காவல் துறைகள் வழியே இலவசமாகவே கிடைக்கும். துப்பாக்கி ஓர் அறையிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருக்கட்டும், சாவி உங்கள் இருவரிடம் மட்டும்.

கேள்வி: நான் இடது கைக்காரன். மேவரிக் 88 சரிப்படுமா? மேகசினை நீட்டிக்கும் குழாய் மாட்ட முடியுமா?
— கேட்டி வாசகர்

பதில்: பாதுகாப்புப் பொத்தான் வலது கைக்காரருக்காக அமைந்தது, உங்களுக்கு ஒவ்வொரு முறையும் விரலை வளைக்க வேண்டியிருக்கும். கூடக் கொஞ்சம் பணம் போட முடிந்தால், அல்லது நல்ல நிலையில் பழையது கிடைத்தால், மாஸ்பெர்க் 500 எடுங்கள். மேலே நடுவில் இருக்கும் பொத்தான் இரண்டு கைக்கும் ஒன்றே.

நீட்டிப்புக் குழாய் இவற்றின் ஐந்து தோட்டா மேகசினில் ஏறாது, முன்முனை மூடியது. புறாவுக்குத் தேவையும் இல்லை. புறாவும் அடங்கும் வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கி மொத்தம் மூன்று தோட்டாதான் கொள்ளலாம் என்பது கூட்டாட்சி விதி. அதற்காக மேகசினுக்குள் போடும் அடைப்புக் குச்சி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலும் அதைத்தான் தொலைத்திருப்பார்கள்.