கல்லூரி மரங்களின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கல்லூரியின் புகழ்பெற்ற மரங்களைப் பற்றிச் சிறுநூல் ஒன்று தொகுத்துவருகிறேன். நூலகத்தின் முன்னுள்ள ஆலமரம் கல்லூரிக்கும் முந்தியது என்று சொல்லப்படுகிறது. ஆனால் பழைய புகைப்படம் ஒன்றில் அவ்விடம் வெறும் திடலாக இருக்கிறது. வழக்கிலுள்ள கதையையே எழுதிவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். தங்கள் கருத்து என்ன?

கே.

அன்புள்ள கே.,

கதையைக் கதை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே புகைப்படத்தையும் அச்சிடுங்கள். வயது குறைந்தால் மரத்தின் பெருமையும் குறைந்துவிடும் என்று உங்கள் நண்பர்கள் அஞ்சுகிறார்கள் போலும். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் வாயிலருகே நிற்கும் 'நியூட்டன் ஆப்பிள் மரம்' நடப்பட்டது 1954இல். நியூட்டன் மறைந்தது 1727இல். ஆயினும் அது வூல்ஸ்தோர்ப்பில் அவர் பிறந்த வீட்டுத் தோட்டத்து மரத்தின் ஒட்டுவழியில் வந்தது என்பதும், ஒட்டுக்கட்டிய கிளை தாய்மரத்தின் மரபணுவையே கொண்டிருக்கும் என்பதும் மறைக்கப்படாமல் சொல்லப்படுவதால், அதைக் காண வருபவர்கள் எவரும் ஏமாற்றப்படுவதில்லை. அதே ஆண்டு அந்நகரின் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் நடப்பட்ட இன்னொரு வழித்தோன்றல் 2022 பிப்ரவரிப் புயலில் சாய்ந்தபோது, அதிலிருந்து எடுத்த ஒட்டுகள் முன்பே தயாராக இருந்தன.

கல்லூரிக்கு முந்திய மரங்களும் உண்டு. அமெரிக்காவின் அன்னாபொலிஸில், 1696இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் 'விடுதலை மரம்' சுமார் 400 ஆண்டுகள் வாழ்ந்ததாக மதிக்கப்பட்டது. 1999இல் ஃப்ளாய்டு புயலில் சேதமுற்று, அதே ஆண்டு வெட்டப்பட்டது.

ஆலமரத்தில் மட்டும் வயது பிடிகொடுக்காது. ஆண்டுவளையங்கள் அதில் நம்பத்தக்கவையாக அமைவதில்லை. விழுதுகளே அடிமரங்களாகிவிடுவதால் சுற்றளவும் பயன்படாது. ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம், நோயுற்ற தாய்த்தண்டு 1925இல் அகற்றப்பட்ட பின்பும் விழுதுகளை ஊன்றிப் பரந்துகொண்டிருக்கிறது. எனவே நீங்கள் நம்பவேண்டியவை காகிதங்களே: கட்டட வரைபடங்கள், தோட்டச் செலவுக் கணக்குகள், ஆண்டுமலர்களில் மரநடுகை பற்றி வந்த செய்திகள். அதற்கும் முன்னால், அந்தப் புகைப்படத்தில் தெரியும் கட்டடங்களைக் கொண்டு அது எடுக்கப்பட்ட காலத்தையும், கேமரா நின்ற திசையையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். திடல் வேறொன்றாகவும் இருக்கலாம்.

வெட்டப்பட்ட மரங்களுக்கும் பக்கங்கள் ஒதுக்குங்கள். எந்தக் கட்டடத்துக்காக எந்த மரம் போயிற்று என்பதை அதே வரைபடங்கள் காட்டிக்கொடுக்கும். நிர்வாகம் அந்தப் பகுதியை நீக்கச் சொன்னால், பின்னிணைப்பாகவாவது சேர்த்துவிடுங்கள்.