மாவு மில், சீரியல், 1,500 ரூபாய் ஹெட்போன்

கேள்வி: என் ஊர் கல்லிடைக்குறிச்சி. டிகிரி முடித்துவிட்டு குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். பாளையங்கோட்டையில் கோச்சிங். பஸ்ஸில் போக வர தினமும் இரண்டரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தை வீணாக்காமல் போனில் வகுப்புகளைக் கேட்பேன். வீட்டுக்கு வந்தால் பின்சுவரை ஒட்டி மாவு மில். சாயங்காலம் ஆனால் பக்கத்து வீட்டு சீரியல். 200 ரூபாய்க்கு வாங்கிய இயர்போனைத்தான் மாட்டுகிறேன். கொஞ்ச நாளாக இரவில் படுத்தால் இரண்டு காதிலும் 'ஙொய்' என்று கேட்கிறது. வெளிச்சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன் 1,500 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்? 'ஏஎன்சி' என்ற இரைச்சல் அழிக்கும் வசதி உள்ளது காதைக் கெடுக்கும் என்று என் தோழி சொல்கிறாள். உண்மையா?

பதில்: ஹெட்போன் இருக்கட்டும், முதலில் அந்த 'ஙொய்'யைப் பார்ப்போம். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரணுக்கள். சத்தத்தை நரம்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது இவைதான். ஒரு நாள் அதிகச் சத்தம் பட்டால் சோர்ந்துபோகும், ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். தினமும் பட்டால் செத்துப்போகும். செத்தது மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. திருவிழாவுக்குப் போய்விட்டு வந்த ராத்திரி காது இரைந்து காலையில் சரியாகிவிட்டால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்களுக்குத் தினமும் இரைகிறது. அதை அப்படி விட முடியாது. ஆனாலும் சேதம் வந்துவிட்டது என்று இப்போதே பயப்பட வேண்டாம். குறும்பி அடைத்திருந்தாலும் இப்படித்தான் இரையும். எது என்று காதுக்குள் பார்த்தால்தான் தெரியும்.

இந்த இரண்டரை மணி நேரம் காதுக்கு எவ்வளவு சுமை என்று ஒரு கணக்குப் போடலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். டெசிபல் மூன்று கூடினால் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10, 89 என்றால் 5, 92 என்றால் இரண்டரை மணி நேரம். ஒரு தடவை பாபநாசம் பஸ்ஸில் போகும்போது போன் செயலியில் அளந்து பார்த்தேன். அது ஆய்வகக் கருவி இல்லை, உத்தேசக் கணக்குத்தான். வீரவநல்லூர் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் 82, 84 என்று ஆடியது. ஏர் ஹாரன் அடித்தபோது 100-ஐத் தொட்டது. இவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் வாத்தியார் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால், காதில் தொளதொளவென்று நிற்கும் இயர்போனில் 90-க்கு மேல் வைத்தாக வேண்டும். அது 92-ஐத் தொட்டால் வாரம் முழுவதற்குமான அளவு திங்கட்கிழமை ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

சத்தத்தைத் தடுக்கும் இயர்போன் காதுக்கு நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் வால்யூமை ஏற்ற வேண்டிய தேவையே இருக்காது. அதைத் தடுப்பது பெரும்பாலும் பிராண்டு இல்லை, முனையில் இருக்கும் ரப்பர். பெட்டிக்குள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி வரும். நம்மவர்கள் நடுத்தரத்தோடு மாட்டிவிட்டு, மற்ற இரண்டையும் பெட்டியோடு பீரோவில் போட்டுவிடுவார்கள். எடுத்து மாட்டிப் பாருங்கள். ஒருவருக்கே வலது காதுக்கு ஒன்றும் இடது காதுக்கு வேறொன்றும் பொருந்துவது உண்டு. எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு, இயர்போனை லேசாகத் திருகி உள்ளே வையுங்கள். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள். குடத்துக்குள் பேசுவதுபோல் உங்கள் குரல் தலைக்குள் முழங்கினால் சரியாக அடைத்திருக்கிறது. நன்றாகப் பொருந்திய ரப்பர் 15 முதல் 20 டெசிபல் வரை குறைத்துவிடும். ஸ்பாஞ்ச் போன்ற ஃபோம் முனை தனியாகக் கிடைக்கிறது, அது இன்னும் நன்றாக அடைக்கும். ஆனால் வியர்வையில் ஊறிச் சீக்கிரம் நைந்துபோகும்.

அடுத்து ஏஎன்சி. வெளியில் இருக்கும் மைக் இரைச்சலைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் அதற்கு நேர் எதிரான அலையை எழுப்புகிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. உங்கள் தோழி பயப்படுகிற மாதிரி அந்த எதிர் அலை காதைத் தாக்குவதில்லை. மொத்தத்தில் காதுக்கு வருவது குறைவான சத்தம்தான். சிலருக்குக் காது அடைத்த மாதிரி ஓர் உணர்வு வரும். அதனால் கெடுதல் இல்லை, பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம். ஏஎன்சிக்கு அடங்குவது பஸ் இன்ஜின், மாவு மில் மோட்டார் போன்ற கனத்த, ஒரே சீரான இரைச்சல். கண்டக்டர் விசில், சீரியல் மாமியார் குரல் எல்லாம் அதற்குப் பெரிதாக அடங்காது. அவற்றைத் தடுப்பதும் ரப்பர்தான். இன்னொன்று, நம் பஸ்ஸில் ஜன்னல் திறந்தே இருக்கும். காற்று அந்த மைக்கில் மோதி 'புர்ர்' என்று ஒரு புதுச் சத்தத்தைக் கிளப்பும்.

கடையில் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் 'ஈஎன்சி' என்று போட்டிருப்பார்கள், விற்பவரும் 'சத்தத்தைக் கட் பண்ணும்' என்பார். நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சல் கேட்காமல் செய்வது அது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. '30 டெசிபல் வரை' என்று போட்டிருந்தால் அந்த 'வரை'யைக் கவனியுங்கள். எந்த இரைச்சலில் அது மிக நன்றாக வேலை செய்கிறதோ, அதில் கிடைத்த எண் அது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, காதுத்துளைக்குள் நுழைகிற வகையில் ஒரு வயர் இயர்போன் அல்லது நெக்பேண்ட். 500 முதல் 1,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மிச்சத்தில் ஃபோம் முனை வாங்கலாம். நெக்பேண்ட் என்றால் கழுத்தில் கிடப்பதால், நெரிசலில் இறங்கும்போது ஒரு காது இயர்போன் பஸ்ஸோடு போய்விடாது. காதை மூடும் பெரிய ஹெட்போனைச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் மாட்டிப் பாருங்கள், அப்புறம் தெரியும். வால்யூமை வீட்டில் அமைதியான அறையில் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் அதிலிருந்து இரண்டு மூன்று புள்ளி ஏற்றலாம். அதற்கும் மேல் ஏற்றத் தோன்றினால் ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். இறங்கி நடக்கும்போதும் தண்டவாளம் தாண்டும்போதும் கழற்றிவிடுங்கள்.

வீட்டில் புத்தகத்தை வைத்துப் படிக்க ஹெட்போனே வேண்டாம். பாட்டுப் போட்டு சீரியலை அமுக்கலாம் என்று நினைப்பீர்கள். புரிகிற மொழியில் எது கேட்டாலும் மூளை அதையும் சேர்த்துப் படிக்கப் பார்க்கும். மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் இயர் ப்ளக் கிடைக்கும், நூறு ரூபாய்க்குள் சில ஜோடிகள். விரலால் நன்றாக உருட்டி மெல்லிசாக்கி, மடலை இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது உப்பும் வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருங்கள். வெறும் பஞ்சை வைத்தால் சத்தம் அவ்வளவாகக் குறையாது. மில் ஓட்டம் ஒரே சீராக இருப்பதால் நாளடைவில் பழகிவிடும். அம்மன் கோவில் கொடை விழாவுக்கு ரேடியோ செட் கட்டிவிட்டால் எந்த ஹெட்போனும் தாங்காது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு விதி. அது எங்கள் தெருவிலும் ஏட்டில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் பகலில் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் போய் உட்கார்ந்துவிடுங்கள்.

ஆற்றிலோ வீட்டிலோ தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் காதில் இயர்போனைச் செருகாதீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். காதில் எண்ணெய் விடும் பழக்கமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ரப்பரை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். குறும்பி எடுக்கக் கோழி இறகு, ஊக்கு, பட்ஸ் எதுவும் வேண்டாம். ஒரு பையன் என்னிடம் வைத்தியத்துக்கு 'ஒரு மாதமாக இடது காது மந்தமாக இருக்கிறது சார்' என்று வந்தான். உள்ளே பார்த்தால் இயர்போன் ரப்பர் கழன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கடையில் கொடுத்த ரப்பர் லூசாக இருந்ததாம். தொலைந்துபோனது என்று நினைத்து வேறு வாங்கி மாட்டியிருக்கிறான்.

இரண்டு வாரம் எந்த இயர்போனையும் மாட்டாமல் இருங்கள். அதற்குள் ஒரு நாள் கோச்சிங் முடிந்ததும் ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்க் காதைக் காட்டிவிட்டு, கேட்கும் திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சத்தத்தால் வரும் சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிப் பக்கத்தில் ஒரு பள்ளமாக அந்தப் பரிசோதனை வரைபடத்தில் தெரியும். இடையில் ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் சளி என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த 200 ரூபாய் இயர்போனையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதன் ரப்பர் இரண்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.