நூலைப் பிடித்துப் பாருங்கள்

கேள்வி: லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தூரம் ஒன்றுதானே? விமானம் நேர்கோட்டில்தானே பறக்கிறது? பிறகு ஏன் போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு மணி நேரம் என்று அட்டவணையில் போடுகிறார்கள்?

பதில்: ‘நேர்கோடு’ என்று எழுதிவிட்டீர்கள், அதை நான் சும்மா விடுவதற்கில்லை. தட்டையான உலகப்படத்தின் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1569-இல் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக வகுத்த முறை அது. திசைகாட்டியின் ஒரே கோணத்தில் கப்பலைச் செலுத்த மிகவும் உதவியது. ஆனால் அதில் அளவுகோலை வைத்துத் தூரம் பார்ப்பவர் ஏமாந்துதான் போவார்.

ஓர் உலக உருண்டையை எடுத்து, லண்டன் மேல் ஒரு நூலை விரலால் அழுத்தி, மறுமுனையை நியூயார்க்கில் இழுத்துப் பிடியுங்கள். நியூயார்க் பத்துப் பாகைக்கு மேல் தெற்கே இருந்தும், விறைத்த நூல் முதலில் சற்று வடக்கே ஏறி, அயர்லாந்தைக் கடந்து, பிறகே கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கமாக இறங்கும். உருண்டையின் மேல் அதுதான் மிகக் குறுகிய வழி; ஏறக்குறைய 5,550 கிலோமீட்டர்.

இந்தத் தூரம் இரு திசைக்கும் பொது, காற்று அப்படியன்று. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்றோட்டம், துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் வெப்ப வேறுபாடு கூடும் குளிர்காலத்தில் மேலும் வலுக்கிறது. விமானம் மணிக்கு 900 கிலோமீட்டரும் காற்று 150 கிலோமீட்டரும் என்று வைத்துக்கொண்டால், எதிர்காற்றில் 7 மணி 24 நிமிடம், பின்காற்றில் 5 மணி 17 நிமிடம் ஆகும். போகும்போது இழந்தது வரும்போது சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள், காற்றே இல்லாத நாளைவிட 21 நிமிடம் அதிகம், ஏனென்றால் காற்று தடுக்கும் நேரம் உதவும் நேரத்தைவிட நீளமானது.

ஆகவே மேற்கே போகும் விமானம் பல நாட்களில் அந்தக் குறுகிய வழியை விட்டு விலகி, தூரத்தைக் கூட்டியாவது எதிர்காற்றைத் தவிர்க்கிறது. கிழக்கே வருவது அதே காற்றைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்கிறது. 2020 பிப்ரவரியில் புயல் காற்று துணையிருக்க, ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

அட்டவணையில் நீங்கள் பார்ப்பது பறக்கும் நேரம் மட்டும் அன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நொடியில் தொடங்கி, மறுமுனையில் தனக்குரிய இடத்தில் நின்று சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை கணக்கு ஓடுகிறது. காற்றின் தயவால் அரைமணி முன்னதாகத் தரையிறங்கிய விமானம், நிற்க இடம் காலியாகாமல் காத்துக்கிடந்து, கடைசியில் சரியான நேரத்துக்கு வந்ததாகப் பதிவாவதும் இதனால்தான்.