டீச்சரிடம் கேளுங்கள்: நாலு வயசுக் கையில் நோட்டு எதற்கு?

கேள்வி: டீச்சர், எங்கள் வீடு குலசேகரம் பக்கம். மகளுக்கு நாலு வயசு, எல்.கே.ஜி. போகிறாள். தமிழில் அ முதல் ஃ வரை தினமும் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள். பென்சிலை எடுத்தாலே அழுகிறாள். ஆனால் ஓலை, பூ, இலை என்று எதைக் கொடுத்தாலும் மணிக்கணக்கில் உட்கார்ந்து எதையாவது செய்துகொண்டிருப்பாள். அதை வைத்தே எழுத்து சொல்லிக்கொடுக்க முடியுமா?

பதில்: முடியும், அதுதான் நல்ல வழியும்கூட. முதலில் ஒன்று, உங்கள் மகள் சோம்பலில் அழவில்லை. நாலு வயசில் பென்சிலை அடக்கிப் பிடிக்கிற பலம் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் முழுசாக வந்திருக்காது. அ என்ற எழுத்தை நீங்களே மெதுவாக எழுதிப் பாருங்கள், ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக்கோடு, அப்புறம் ஒரு நேர்க்கோடு என்று இத்தனையும் அந்த ஒரே எழுத்துக்குள் இருக்கிறது. இ அதைவிடக் கஷ்டம். பாடுவதற்கும் சொல்வதற்கும் அ, ஆ வரிசை இருக்கட்டும். கைக்கு மட்டும் ட-வில் தொடங்குங்கள்.

தென்னை ஓலையிலிருந்து வாரியலுக்கு (விளக்குமாற்றுக்கு) ஈர்க்கில் சீவும்போது நாலைந்தைத் தனியாக எடுத்து, விரல் நீளத்துக்கு ஒடித்து, முனையை மழுக்கிக் கொடுங்கள். இரண்டு ஈர்க்கில் வைத்தால் ட. மூன்று வைத்தால் ப. மூன்றாவது ஈர்க்கிலைப் பச்சையாக எடுத்து, மேல்முனையை உள்பக்கமாக வளைத்துவிட்டால் ம. ஆடிக்காற்று வீசுகிற நேரமாக இருந்தால் அதே ஈர்க்கிலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, பழைய செய்தித்தாளை மைதாப் பசையால் ஒட்டி, சேலைக் கிழிசலில் வால் வைத்து ஒரு பட்டம் செய்துவிடலாம். ப, ட், ட, ம் என்று நாலு எழுத்தையும் பெரிதாக எழுதி அதன்மேல் அவளே ஒட்டட்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு உங்கள் ஒட்டுப்பொட்டு போதும். புள்ளி வைத்தால் சத்தம் நின்றுவிடுகிறது என்பதை ட, ட் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்காட்டுங்கள். 247 எழுத்தில் மூன்றின் வடிவமும் ஒரு புள்ளியும்தான் தெரியும், ஆனால் முற்றத்தில் பறக்கிற ஒரு முழு வார்த்தையை அவளால் வாசிக்க முடியும். அந்தச் சந்தோஷம் ஒரு பக்கம் அ எழுதி வராது.

ஆவணியில் ஓணம் வரும். அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள் பூக்கோலம் போடுகிற வீடுகளில், கோலத்துக்குப் பக்கத்திலேயே சோறு உண்ணும் தட்டு அளவுக்கு ஒரு எழுத்தைச் சாக்பீஸால் போட்டுக் கொடுங்கள். பத்து நாளைக்குப் பத்து எழுத்து வேண்டாம், இரண்டோ மூன்றோ திரும்பத் திரும்ப வரட்டும். எழுத்து தொடங்குகிற இடத்தில் ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டு, அங்கிருந்துதான் இதழ்களை அடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கைவேலை மூலம் எழுத்து சொல்லிக்கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். வடிவத்தை நிரப்பினால் போதும் என்று விட்டுவிட்டால் பிள்ளை நடுவிலிருந்தோ கடைசியிலிருந்தோ ஒட்டிக்கொண்டு போகும், கோலம் அழகாக இருக்கும், ஆனால் கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மனசில் பதியாது. பிறகு பென்சில் பிடிக்கும்போது ப-வை வலப்பக்கத்திலிருந்து எழுதும்.

பூ என்றதும் ஒரு எச்சரிக்கை. தோவாளைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அரளியை வாங்கிக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். அரளியில் பூ, இலை, பால் எல்லாமே விஷம், இந்த வயசுப் பிள்ளைகள் கையை வாயில் வைக்காமல் இருக்காது. குன்றிமணியும் அப்படித்தான், அதன் அழகைப் பார்த்து எழுத்துமேல் ஒட்டக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வெடித்துச் சிதறிக் கிடக்கிற விதையைப் பிள்ளைகள் பொறுக்கி வரும், பச்சை ரப்பர் விதையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. மூன்றையும் வீட்டுக் கைவேலையில் சேர்க்கவே வேண்டாம். கூடவே மூன்று வயசுக்குக் கீழே ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் எந்தச் சின்ன விதையும் வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும்.

பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுப் போகிற நவராத்திரி வந்தால், விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம் இல்லையா? அந்த வழக்கத்தில் முதலில் எழுதுவது விரல்தான், எழுதுகோல் இல்லை. அந்த ஒருநாளோடு அதை நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம். சுளவில் (முறத்தில்) ஒரு பிடி அரிசியைப் பரப்பி, நீங்கள் சமைக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். தப்பாக வந்தால் சுளவை ஒரு ஆட்டு ஆட்டினால் அழிந்துபோகும், நோட்டில் ரப்பரால் அழித்து அழித்துத் தாள் கிழிந்து அழுகிற வேலை இல்லை.

கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிக்கும்போது கொஞ்சம் மாவைக் கொடுத்து ஒ உருட்டச் சொல்லுங்கள். அதன் காலில் ஒரு சின்னச் சுழி சேர்த்தால் ஓ ஆகிவிடும், அதைக் காட்டும்போது சத்தத்தையும் நீட்டிச் சொல்லுங்கள். அவித்துத் தின்றும்விடலாம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு கு, பொங்கல் கரும்புக்கு க என்று மற்றதெல்லாம் உங்களுக்கே தோன்றும்.

வீட்டுப்பாடத்தைப் பற்றி மிஸ்ஸிடம் நேரில் போய்ப் பேசுங்கள். ஒரு பக்கத்துக்குப் பதிலாக இந்த வாரம் செய்த எழுத்தைக் கொண்டுவரலாமா என்று கேளுங்கள். அந்த ஈர்க்கில் ப-வைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் பேச்சு எளிதாக இருக்கும்.

கேள்வி: வீட்டில் சக்கை என்றும் மரச்சீனி என்றும்தான் சொல்கிறோம். புத்தகத்தில் பலா, மரவள்ளி என்று இருக்கிறது. பேரனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? (நாகர்கோவில் வாசகி)

பதில்: சக்கைதான் அம்மா. ச என்ற சத்தம் பிள்ளைக்கு எந்த வார்த்தையில் தினமும் காதில் விழுகிறதோ அந்த வார்த்தைதான் அதற்கு உதவும். சக்கை வெட்டுகிற நாளில் ஒரு கொட்டையைக் கழுவிக் காயவைத்து அட்டையில் எழுதிய ச-வுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், மரச்சீனித் தொலியை உரித்த கையோடு ம-வைக் காட்டுங்கள். பலா என்ற பெயரை ப வரும்போது, "சக்கைக்கு இன்னொரு பேரு" என்று சொன்னால் போதும், பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும். நம் வீட்டுப் பேச்சு தப்பு என்று மட்டும் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: குளச்சல் கடற்கரையில் இருக்கிறோம். முற்றம் கிடையாது, பூவும் கிடையாது. வாசலில் மணல்தான். அதில் எழுத வைக்கலாமா? மகனுக்கு ஐந்து வயசு ஆகப்போகிறது.

பதில்: ஈர மணலில் விரலால் எழுதுவதைப்போலச் சுகம் வேறில்லை, தாராளமாக எழுதட்டும். ஆனால் மணவாளக்குறிச்சிப் பக்கம் கிடைக்கிற கருமணலைப் பளபளப்பாக இருக்கிறதே என்று அள்ளிவந்து வீட்டுத் தட்டில் வைத்துத் தினமும் அளைய விடாதீர்கள், அதில் மோனசைட் கலந்திருக்கிறது, கதிர்வீச்சு உள்ள கனிமம் அது. வீட்டுக்குள் எழுத ரவையே போதும்.

பூ இல்லாவிட்டால் என்ன, உங்கள் ஊருக்கென்று ஒரு பருவம் இருக்கிறதே. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர் என்றால் அந்த இரண்டு மாதமும் பகலில் வீட்டில் இருப்பார், வலையும் பொத்துவார். அவரிடம் கழித்துப்போட்ட வலைநூலைக் கேட்டு வாங்கி, அட்டையில் வ என்று பெரிதாக எழுதி, கோட்டின்மேல் பசை தடவி, தொடக்கத்திலிருந்து நூலை வளைத்து வளைத்து ஒட்டச் சொல்லுங்கள். காய்ந்தபிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி என்ன எழுத்து என்று சொல்லும் விளையாட்டை ஆடலாம். வ, லை இரண்டும் வந்துவிட்டால் வலை. நூலைப் பிடித்துக் கொடுக்க அப்பா பக்கத்தில் உட்காரட்டும், ஒட்டுவதை மட்டும் பையனே செய்யட்டும், கோணலாக வந்தாலும் பரவாயில்லை.