கதவு அசையும்வரை

மதிப்பிற்குரிய ஐயா,

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பேய்ப்படங்களைப் பாராட்டி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். முதல் அரைமணி நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, இடையிடையே ஓட்டி ஓட்டி, இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தேன். பயம் வரவில்லை. பத்து நிமிடத்திற்கு ஒரு திருப்பம் தரும் இன்றைய வெப் தொடர்களுக்கு முன்னால் இத்தகைய படங்கள் காலாவதியாகிவிட்டன என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பயம் வரவில்லை என்பதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. படத்தைப் பார்த்த விதத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

இயக்குநர் ஓரன் பெலி அப்படத்தைத் தம் சொந்த வீட்டில், சுமார் 15,000 டாலர் செலவில், ஏறத்தாழ ஒரு வாரத்தில் எடுத்தார். 2007-இல் முதலில் திரையிடப்பட்ட படம் 2009-இல்தான் பரவலாகத் திரையரங்குகளுக்கு வந்தது. பேயை உருவாக்கிக் காட்டப் பணமில்லாத அவரிடம் இருந்தவை படுக்கையறையில் முக்காலி மேல் நிற்கும் ஒரு கேமரா, கட்டிலில் உறங்கும் இருவர், திறந்து கிடக்கும் கதவு, அதற்கப்பால் இருட்டு. திரையின் ஓரத்தில் நேரத்தைக் காட்டும் எண்கள் விரைந்து ஓடுகின்றன. அவை சட்டென்று இயல்பான வேகத்திற்குத் திரும்பும்போது ஏதோ நிகழப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, எங்கே என்பது மட்டும் தெரிவதில்லை. கேமரா நகர்ந்து சென்று எதையும் சுட்டிக்காட்டாததால், கதவையும் போர்வையையும் இருட்டையும் மாறி மாறித் துழாவுவது நம் கண்களின் வேலையாகிறது. பிறகு கதவு சில அங்குலம் அசைகிறது. அந்த அசைவில் தனியாக ஒரு பயங்கரமும் இல்லை. அதுவரை நாம் துழாவிய துழாவல்தான் அதைப் பயங்கரமாக்குகிறது. ஓட்ட வேண்டியவற்றை இயக்குநரே ஓட்டிவிட்டு, நிற்க வேண்டிய இடத்தில் நம்மை நிறுத்துகிறார். நீங்கள் தாண்டிச் சென்றது அந்த இடத்தை.

ஒலிக்கும் இதே கதிதான். அப்படத்தில் விபரீதம் நெருங்கும்போது மிகத் தாழ்ந்த உறுமல் ஒன்று எழும். தட்டையான தொலைக்காட்சிப் பெட்டிகளின் சிறிய ஒலிபெருக்கிகளால் அத்தகைய ஒலியைச் சரிவர எழுப்ப இயலாது. இணையத்தின் வழி வரும் காட்சியோ, அளவைக் குறைப்பதற்காகச் சுருக்கப்படும்போது இருண்ட பகுதிகளின் நுட்பங்களைப் பெரிதும் இழந்து, திட்டுத்திட்டான கருமையாக வந்து சேர்கிறது. இருட்டையும் ஒலியையும் மட்டுமே நம்பி எடுக்கப்பட்ட படத்திலிருந்து அவ்விரண்டையும் எடுத்துவிட்டால், மிஞ்சுவது உறங்கும் இரண்டு பேர்தான்.

வறுமையிலிருந்து பிறந்த இந்த முறை பழையது. 1942-இல் வால் லூட்டன் தயாரித்து ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ படத்தில், இரவில் தனியே நடக்கும் பெண்ணின் பின்னால் இன்னொரு பெண்ணின் காலணி ஓசை கேட்டுக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் அந்த ஓசை நின்றுவிடுகிறது. முன்னால் செல்பவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. பிறகு சீறலோடு ஒரு பேருந்து வந்து நிற்கிறது, அவ்வளவுதான். காலணி ஓசை நின்ற அந்தக் கணத்தில் ஒருவர் கைப்பேசியில் வந்த செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவருக்கு அது வெறும் பேருந்து.

தொடர்களை நான் தாழ்வாக நினைக்கவில்லை. அணு உலை வெடிப்பைப் பற்றி 2019-இல் வெளிவந்த ‘செர்னோபில்’ தொடர் ஐந்தே பகுதிகள் கொண்டது. கதிர்வீச்சால் 90 விநாடிகளுக்கு மேல் நிற்கக்கூடாத கூரையில், வீரர்கள் உலையிலிருந்து சிதறிய கிராஃபைட் துண்டுகளை வாரிக் கீழே தள்ளும் காட்சியை, வெட்டே இல்லாமல் அந்த 90 விநாடிகளுக்கும் நம்மைப் பார்க்க வைத்தார்கள். பெரும் பொருட்செலவில் உருவான அத்தொடரும், ஒரு வீட்டுப் படுக்கையறையில் உருவான இப்படமும் கையாள்வது ஒன்றையே: வெட்டப்படாத காலம். எனவே இதைத் தொடருக்கும் படத்திற்கும் இடையிலான போட்டியாக என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பகுதி முடிந்த சில விநாடிகளில் அடுத்ததைத் தானாகவே தொடங்கிவிடும் ஏற்பாடும், திருப்பத்திற்காக மட்டுமே காத்திருக்கும் பழக்கமும்தான் எனக்குக் கவலை தருகின்றன. மலிவாக எடுக்கப்பட்டது என்பதாலேயே ஒரு படம் நல்லதாகிவிடாது. எதையும் கட்டியெழுப்பாமல் வெறுமனே இழுக்கும் பேய்ப்படங்கள் ஏராளம், அவற்றை நீங்கள் தாராளமாக ஓட்டலாம்.

இந்தப் படத்தில் ஓர் இரவுக் காட்சியை மட்டும் மீண்டும் பாருங்கள். விளக்கை அணைத்து, காதொலிப்பானை அணிந்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, எண்கள் இயல்பான வேகத்திற்குத் திரும்பும் கணத்திலிருந்து கதவு அசையும்வரை பாருங்கள். அப்போது உங்கள் கண் எங்கெங்கே சென்றது என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.